இரண்டாம் பரிசு அண்டா

மாப்ள,

இன்று காலை எங்கள் வீட்டு அண்டா மணி மாதிரி அடித்தது. அடித்தது என் மகள் வெண்ணிலாவின் பந்து. பந்து என்றதும் நீ நினைக்கிற பந்து இல்லை. இரண்டு முனையும் கூம்பி, பெரிய பலாக்கொட்டை மாதிரி இருக்கும். ரக்பி என்று ஓர் ஆட்டமாம். கீழே விழுந்தால் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. கூடத்தில் விழுந்தது, என் தலைக்கு நேரே வந்தது, நான் குனிந்ததும் சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, மூலையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் அண்டாவில் போய் மோதியது. ‘ணங்’ என்று ஒரு சத்தம். அது அடங்குவதற்குள் நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

அண்டாவின் வயிற்றில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து இன்னும் அழியவில்லை. கவிழ்த்து வைத்ததால் தலைகீழாகத் தெரிந்தது: கபடிப் போட்டி, இரண்டாம் பரிசு.

“ஒடுக்கிட்டியாடி? இருக்கறதே ரெண்டாம் பரிசு. அதுவும் சொட்டையாப் போனா நா எங்க போவேன்?” என்று சரசு ஓடி வந்தாள். நீ தங்கச்சி என்று கூப்பிட்டவளின் வாய் கொஞ்சமும் மாறவில்லை.

விஷயம் அண்டா இல்லை. வெண்ணிலாவைச் சென்னையில் நடக்கிற பயிற்சி முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அங்கே தேறினால் மாநில அணி. நாளைக் காலை அரியலூரில் ரயில். கூட ஆடுகிற பெண்கள் எல்லோரும் போகிறார்கள். இவள் மட்டும் இன்னும் பையைக் கட்டவில்லை, அம்மா சரி சொல்லவில்லை. போன மாதம் ஆட்டத்தில் தாடை கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சரசு ரக்பி என்ற சொல்லைக் கேட்டாலே கரண்டியைக் கீழே வைப்பதில்லை.

நான் மெல்ல ஆரம்பித்தேன். “சரசு, நானும் ஒரு காலத்துல ஆடினவன்தான்…”

“நீங்க ஆடினத நானும் பாத்துருக்கேன். ஆடினவரப் பத்திப் பேசுங்க. அந்த அண்ணன் ஆடி ஆடி என்னத்தக் கண்டாரு? காலை இழுத்துக்கிட்டே போய்ச் சேந்தாரு. அதையே எம் பொண்ணுக்கும் வாங்கிக் குடுக்கப் பாக்குறீங்களா?”

வழக்கம்போலத் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்கு வந்துவிட்டேன். பஞ்சர் ஒட்ட யாரும் வராத நேரத்தில் இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டு தவணையில் முடித்தவன் எழுத்து இது; எங்காவது கிரீஸ் ஒட்டியிருந்தால் கண்டுகொள்ளாதே. நீ என்னத்தைக் கண்டாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், மாப்ள. நாளைக் காலைக்குள் தெரிந்தாக வேண்டும்.

திருமானூர்ப் பக்கம் கொள்ளிட மணலில் நீ கபடி ஆடியதிலிருந்து தொடங்குகிறேன். கரும்புக் கட்டைத் தூக்கி லாரியில் எறிகிற வேலை உனக்கு. தோள் இரண்டும் அதில் வந்தவை. எங்களுக்கெல்லாம் வேலை முடிந்தால் உடம்பு முடிந்துவிடும். உனக்கு அப்போதுதான் உடம்பு ஆரம்பிக்கும். பாடிக்கொண்டு வருகிறவனை நீ துரத்தியதே இல்லை. இடது மூலையில், தூங்குகிற மாதிரி நிற்பாய். அவன் உன்னைத் தாண்டிக் காலை வைப்பான். அந்தக் கால் திரும்பிப் போகாது. கணுக்காலில் உன் கை இருக்கும். “புடிக்கறதுக்கு வேகம் வேணாம்டா, அவன் போற எடத்துக்கு நாம முந்தியே போயிடணும்” என்பாய். ஏதோ சுலபம் மாதிரி. நானும் முந்தியே போய்ப் பார்த்தேன். அவன் வேறு இடத்துக்குப் போனான்.

என்னை அணியில் எதற்கு வைத்திருந்தார்கள் என்று ஊரே கேட்டது. உனக்குத்தான் தெரியும். மூலையில் நிற்கிறவனும் பக்கத்தில் நிற்கிறவனும் கையைக் கோத்துக்கொண்டு நிற்பது செயின். உன் பக்கத்தில் வேறு யாரை நிறுத்தினாலும் நீ இழுக்கிற இழுப்பில் கையை உதறிவிட்டு ஓடினார்கள். நான் மட்டும் விடவில்லை. வீரம் இல்லை, பயம். உன் கையை விட்டால் அந்தக் களத்தில் எனக்கு வேறு பிடிமானம் கிடையாது. ஒரு முறை நீ பாய்ந்து ஒருவனை மடக்கியபோது என் இடக்கைச் சுண்டுவிரல் உன் பிடியில் மடங்கி, வளைந்து, அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் நேராகாது. கொக்கி மாதிரி இருக்கும். “அப்பாவுக்குக் கபடியில கெடைச்ச ஒரே மெடல்” என்று வெண்ணிலா தோழிகளிடம் காட்டுவாள்.

அப்புறம் நீ அரியலூருக்கு வந்தாய், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தக்காரருக்குக் கபடிப் பைத்தியம், அவரே ஓர் அணி வைத்திருந்தார். நீ வந்த பிறகு கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று சொல்லி என்னையும் இழுத்தாய். வேலை முடிந்ததும் குளிக்க நேரம் இருக்காது. புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளைப் பொடியோடு நேரே களத்துக்கு வருவாய். ஜெயங்கொண்டத்துப் பையன்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறதா?

“என்னண்ணே, ஆளு கெடைக்கலன்னு கெழவன எறக்கிட்டீங்களா?”

“தாத்தா, பாத்து. பல்லு செட்டு கீழ விழுந்துடப் போவுது.”

ஆட்டம் முடிந்தபோது அவர்கள் எல்லோரும் வெள்ளையாக இருந்தார்கள். உன் மேல் இருந்த பொடி முழுக்க அவர்கள் மேல் இருந்தது. நீ மட்டும் கருப்பாக நின்றாய். “இப்ப யாருடா கெழவன்?” என்று நான் கத்தினேன். நான் அந்த ஆட்டத்தில் ஒருவனையும் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

மாவட்ட அணிக்கும் போனாய். பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் நீ எந்தப் பக்கம் என்று சங்கத்துக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். உன்னிடம் கேட்டபோது, “கோடு எங்க போட்டுருக்கோ சொல்லுங்க சார், அதுக்கு உள்ள நிக்கறேன்” என்றாய். அதைப் பணிவு என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாகப் பட்டது.

இப்போது அண்டாவுக்கு வருகிறேன். முதல் முதலாகப் பரிசு வாங்கியபோது பெரிய சண்டை. ஆட்கள் ஓர் அணி, அண்டா ஒன்று. முறை வைத்துக்கொள்ளலாம் என்றான் ஒருவன். விற்றுவிட்டுப் பிரியாணி சாப்பிடலாம் என்று சொன்னவன் நான். நீதான் சொன்னாய்: “யாரு வூட்ல அடுத்து கல்யாணமோ, அங்க போவட்டும்.”

அதுவே வழக்கமாகிப் போனது. அண்டா, குடம், தவலை, எது ஜெயித்தாலும் அடுத்த கல்யாணத்துக்கு. அக்கா தங்கச்சி கல்யாணமும் கணக்கில் சேரும். அதிலும் ஒருவன் பாவாடை கட்டிய தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியாச்சு என்று புளுகிக் குடம் கேட்டான். “பொண்ணு அஞ்சாவதுதான்டா படிக்குது, மொதல்ல பரீட்சைக்கு அனுப்புடா” என்று விரட்டினாய். உன்னைக் கேட்டால், “நமக்கென்ன அவசரம், எனக்கு வர்றப்ப ஜெயிச்சுக்கலாம்” என்பாய். மற்றவன் வீட்டுப் பாத்திரத்துக்காக நீ மண்ணில் புரண்டது மாதிரி, உன் வீட்டுக்காக ஒருநாளும் புரளவில்லை.

என் முறை வந்தது. சரசுவைப் பேசி முடித்திருந்த சமயம். உடையார்பாளையத்தில் இறுதி ஆட்டம், சரியான வெயில். முதல் பரிசு இடுப்பளவு அண்டா; பந்தலில் அதைப் பார்த்ததும் நான் கல்யாண மாப்பிள்ளை ஆகிவிட்டேன். கடைசி நேரத்தில் இரண்டு பக்கமும் சமம். நம் பக்கம் மீதி நீயும் நானும்தான். என்னை எப்படி இதுவரை விட்டுவைத்தார்கள் என்றால், யாருக்கும் நான் கண்ணில் படவில்லை. செயின் போட்டு நின்றோம். பாடி வந்தவன் நம் கைகள் கோத்திருந்த இடத்துப் பக்கம் கையை வீசிவிட்டுத் திரும்பினான். தொட்டானா, தொடவில்லையா? அம்பயர் ஊதவில்லை. வந்தவனுக்கே தெரியவில்லை, வெறுங்கையோடு போகிற முகத்தோடுதான் கோட்டைத் தாண்டினான். கோத்திருந்தது என் கையும்தான், எனக்கும் தெரியவில்லை. உன் கை என் கையை விட்டு மேலே போனது மட்டும்தான் தெரிந்தது.

அவுட் என்று கையைத் தூக்கிக்கொண்டு நீ களத்தை விட்டு வெளியே நடந்தாய்.

மீதி நான், ஒற்றை ஆள். அதற்குப் பிறகு நடந்ததை நீ கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. நானும் இங்கே எழுதப்போவதில்லை.

“அம்பயரே பாக்கலயேடா!” என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். கொஞ்சம் சின்னதான இரண்டாம் பரிசு அண்டா நம் இருவர் மடியிலும் உட்கார்ந்திருந்தது. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய்: “நாந்தான் பாத்தேனேடா.”

அந்த அண்டாவை நீயே சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சரசு வீட்டில் இறக்கினாய். “தங்கச்சி, மத்தவங்களுதெல்லாம் புடிச்சு வாங்கினது. இது கை தூக்கி வாங்கினது” என்றாய். அவள் எழுத்தைப் படித்துவிட்டு, “எல்லாருக்கும் மொதப் பரிசு, எனக்கு மட்டும் ரெண்டாம் பரிசா? மாப்பிள்ளையும் அப்படித்தானா?” என்றாள். அப்போதே நான் முழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரம்பலூர் களத்தில் உன் முழங்கால் போனது. இறுகிய தரை, திரும்பிய கால், மேலே விழுந்த மூன்று பேர். முட்டைப் பத்துப் போட்டுக் கட்டினார்கள், கட்டு அவிழ்த்தபோது கால் வளையவில்லை. அதோடு ஆட்டம் நின்றது, கோட்டோரம் நின்று விசில் ஊதுவதோடு சரி. அப்புறம்தான் உனக்குப் பெண் அமைந்தது. உன் கல்யாணத்துக்குப் பாத்திரம் ஜெயிக்க வேண்டும் என்று நாங்கள் நீயில்லாமல் ஊர் ஊராய்ப் போனோம். எல்லா ஊரிலும் முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டினோம். ஒரு சொம்புகூடக் கிடைக்கவில்லை. உன் முறை வந்தபோது பரிசு இல்லை.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் பசங்கள் வந்தார்கள். ஒருவன் சைக்கிளில், ஒருவன் டிராக்டரில், ஒருவன் பஸ் கூரையில். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ஒவ்வொருவனும் தன் வீட்டு அண்டாவை, தவலையை, குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் வந்தான். சாம்பார் ஒன்றில், ரசம் ஒன்றில், பாயசம் ஒன்றில். வாடகைப் பாத்திரக்காரர் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எங்கே பார்த்தாலும் முதல் பரிசு, முதல் பரிசு, முதல் பரிசு. பெண்ணுடைய மாமா என்னிடம் குனிந்து, “மாப்ள வூட்ல சமையலுக்குப் போட்டி கீட்டி வச்சிருக்காங்களா தம்பி?” என்று கேட்டார்.

எங்கள் அண்டாவில் மோர். நீ மணவறையிலிருந்து எட்டிப் பார்த்து, கழுத்து மாலையோடு கத்தினாயே: “டேய், அந்த ரெண்டாம் பரிசச் செவுத்துப் பக்கம் திருப்பி வைங்கடா!” சரசுவுக்கு வந்த கோபம் இருக்கிறதே.

சாயங்காலம் அவரவர் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போனோம். உனக்கென்று ஒன்றை விட்டுவிட்டுப் போகிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். “எடுத்துட்டுப் போங்கடா. ஊரெல்லாம் வச்சிருக்கேன், வூட்ல எதுக்கு?” என்றாய்.

இப்படித்தான் வெண்ணிலா ஒருநாள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இங்கிலாந்து மகாராணி நம்மையும் சேர்த்து ஆண்ட காலத்து ரக்பி ஆட்டக்காரர். கோடு போட்ட பனியன், கட்டிய கை, கருப்பு மீசை, ஒரு முழங்காலில் துணிக்கட்டு. அவரும் கல்குவாரி ஆளாம். சனிக்கிழமை அரை நாள் வேலை முடித்து அப்படியே ஆட வருவாராம், திங்கட்கிழமை வீங்கிய காலோடு மறுபடி கல் உடைக்கப் போவாராம். ஆட்டத்துக்காக விட்ட வேலைக்குக் கூலி கேட்டவர்களோடு அங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது. நாட்டுக்காக ஆடினால் குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி ஒன்று கொடுப்பார்களாம், அவ்வளவுதான். கால் போன பிறகு கோட்டோரம் நின்று விசில் ஊதியிருக்கிறார், உன்னை மாதிரியே.

“மாமா மாதிரியே இல்லப்பா?” என்றாள். பேரைச் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. அதனால் அவரையும் உன் பேரிலேயே வைத்துக்கொண்டேன். தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் குவாரிக்குப் போயிருக்க முடியாது. நம் அண்டா எவ்வளவோ மேல் என்று அப்போது தோன்றியது.

இதை நேற்று இங்கே நிறுத்திவிட்டேன். ஒரு டிராக்டர் டயர் வந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் சாப்பாட்டில் உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் சரசுவிடம் சொல்லிவிடுவது என்று தைரியம் பண்ணிக்கொண்டேன். “சரசு, அவன் கல்யாணத்துல…” என்று ஆரம்பித்தேன்.

“கல்யாணத்த எதுக்குச் சொல்றீங்க?” என்றாள். “கருமாதியச் சொல்லுங்க.”

அதை நான் இந்த மடலில் எழுதாமல் தவிர்த்துக்கொண்டே வந்தேன், மாப்ள. உன்னிடமே உன் கருமாதியைப் பற்றி எப்படிச் சொல்வது? ஆனால் நீ பார்க்காத ஆட்டம் அது ஒன்றுதான். அதனால் சொல்கிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ பஸ்ஸிலேயே போய்விட்டாய், ஒருவனுக்கும் கைகொடுக்க நேரம் தரவில்லை. கருமாதி அன்று காலை உன் வீட்டு வாசலுக்கு மறுபடியும் பாத்திரங்கள் வந்தன. இந்தத் தடவையும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கிழடு தட்டிய நம் பசங்கள் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். சிலருக்கு மகன்கள் தூக்கினார்கள். தொலைவில் கட்டிக்கொடுத்த ஒருத்தி தன் பரிசுக் குடத்தை மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்து இறங்கினாள். அஞ்சாவது படித்தபோது கல்யாணம் பேசப்பட்டவள்தான். நிஜக் கல்யாணத்துக்கு நிஜமாகவே குடம் ஜெயித்துக் கொடுத்திருந்தாய்.

எங்கள் அண்டாவைச் சரசு விடியலிலேயே தேய்த்து வைத்திருந்தாள். உன் வீட்டில் யாரோ அதைப் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்கள். சரசு எழுந்து போனாள். தனியாளாக அதைப் பிடித்துத் திருப்பி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.

நேற்று அதையெல்லாம் அவளே சொன்னாள், ஏதோ எனக்குத் தெரியாதது போல. சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். பிறகு வெண்ணிலாவைக் கேட்டாள்.

“இதுல ஜெயிச்சா என்னடி குடுப்பாங்க?”

“மெடல்ம்மா.”

“மெடல்ல என்னத்தக் கிளர்றது?” என்றாள். என் பக்கம் திரும்பி, “கடையடைக்கறதுக்குள்ள போயி புளி வாங்கிட்டு வாங்க. நல்லெண்ணெயும்” என்றாள்.

புளி எதற்கு என்று கேட்டேன். எனக்கு எல்லாமே ஓர் ஆட்டம் தள்ளித்தான் புரியும் என்பது உனக்குத் தெரியாததா?

இன்று காலை எழுந்தபோது அண்டா நிமிர்ந்து நின்றது. வயிற்றில் புதுச் சொட்டை, உள்ளே புளிசாதம். அணிப் பெண்கள் எல்லோருக்கும். “ஒத்தப் பொண்ணுக்கா கட்டிக் குடுக்க முடியும்? இதுங்க கையக் கோத்துக்கிட்டுத்தான ஆடுதுங்க” என்றாள் சரசு, தாளிப்பு வாசனைக்குள் நின்றுகொண்டு. வெண்ணிலா அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். அப்படியே உன் பிடி, மாப்ள. சரசுவால் திமிர முடியவில்லை.

பெரிய தூக்குவாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். வெண்ணிலா ஒரு கையில் பையும் மறு கையில் அந்தப் பலாக்கொட்டையுமாக முன்னே நடந்தாள். சரசு அவள் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், எனக்குக் கேட்டது ஒன்றுதான்: “தப்பு உன்னுதுன்னா அம்பயரு பாக்கறதுக்கு முன்ன நீயே கையத் தூக்கிடு.” நாம் இரண்டாம் பரிசு வாங்கியதற்கு இத்தனை வருஷம் என்னை வறுத்தவள்தான் இதைச் சொன்னாள்.

ரயில் கிளம்பிய பிறகு பிளாட்பாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். “வாளியத் திருப்பிக் கொண்டாரச் சொன்னீங்களா?” என்றாள். சொல்ல மறந்துவிட்டேன். அவள் திட்டவில்லை.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்த வாளி நல்ல கனம். பெண்கள் கேட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை, படி ஏறி, பாலம் தாண்டி, நானே கொண்டுபோய் ஏற்றினேன். மற்ற விரல்கள் பாதி வழியிலேயே மரத்துவிட்டன. நீ வளைத்துவிட்டுப் போன அந்தச் சுண்டுவிரல் மட்டும் கைப்பிடியில் கொக்கி போட்டது போல மாட்டிக்கொண்டு, கடைசிப் பெட்டி வரை விடவே இல்லை.